குர்துபாவிலிருந்து கர்னாத்தா வரை: பயணமும் தொழுகையும்



பயணம் புறப்படுகிறவர் முதலில் வழியைப் பார்க்கிறார். அடுத்து தங்குமிடத்தையும் செலவையும் பார்க்கிறார். தொழுகையை மட்டும் ‘வழியில் பார்த்துக் கொள்ளலாம்’ என்று விட்டு விடுகிறார். அப்படி விடப்பட்ட தொழுகை பெரும்பாலும் வழியிலேயே விடுபட்டுப் போகிறது. வக்துகளை முதலில் குறித்துக் கொண்டு, காட்சிகளை அவற்றிற்கு இடையில் அமைத்துக் கொண்டால் இரண்டும் கெடாது. இதனை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

ஐரோப்பாவில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரை வரவழைத்து ஊர் சுற்றிக் காட்டும் காலம் இது. ஸ்பெயின் நாட்டில் குர்துபாவையும் (கோர்டோபா) கர்னாத்தாவையும் (கிரனாடா) காண விரும்பாத முஸ்லிம் இல்லை. இவ்விரு நகரங்களுக்கும் இடையே காரில் செல்லும் பயணத்தையே எடுத்துக் கொள்வோம்.

இரண்டு பாதைகள்

ஒன்று, அந்தக்கேரா நகரின் பக்கமாகச் சுற்றிச் செல்லும் இருவழி விரைவுச் சாலை. சுமார் 200 கிலோ மீட்டர். மற்றொன்று, என்-432 எனும் பழைய மலைச் சாலை. சுமார் 160 கிலோ மீட்டர். இதிலே வேக வரம்பு 90. லாரிகளும் வளைவுகளும் உண்டு. நிற்காமல் சென்றால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஆனால் அழகெல்லாம் இந்தச் சாலையில்தான். கலீஃபாக்களின் பெயரால் அழைக்கப்படும் சுற்றுலா வழியும் இதனை ஒட்டியே செல்கிறது.

காட்சிகளைக் காண்பதற்காகச் செல்கிறவர் முஸாபிராகக் கருதப்படுவாரா? மன இளைப்பாறுதலுக்காக இயற்கைக் காட்சியை நாடிச் செல்வது ஏற்கத்தக்க நோக்கமே என்று ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியுள்ளனர். நோக்கமே இன்றிக் கால் போன போக்கில் அலைபவருக்கே அம்மத்ஹபில் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில், பயணத் தொலைவை நிய்யத் செய்து புறப்பட்டவர் முஸாபிர்தான். மேற்சொன்ன இரு பாதைகளுமே இரு மத்ஹபுகளின் கணக்கிலும் கஸ்ருக்குரிய தொலைவைத் தாண்டியவை.

ஆகவே குர்துபாவிலேயே குடியிருப்பவர் ஊர் எல்லையைக் கடந்தது முதல் லுஹ்ரு, அஸ்ரு, இஷாவை இரண்டு ரக்அத்துகளாகத் தொழலாம். ஹனஃபிகளுக்கு அது கட்டாயம், ஷாஃபிஈகளுக்கு அனுமதி. சுபுஹிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர், போய்ச் சேர்ந்த ஊரில் 15 நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபில் முகீமாகி விடுவார். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழு நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலே முகீமாகி விடுவார். குர்துபாவில் மூன்று நாட்கள், கர்னாத்தாவில் மூன்று நாட்கள் என்று வகுத்துக் கொண்டவர் இரண்டிலும் முஸாபிரே.

குர்துபாவின் தூண்கள்

குர்துபாவின் பெரிய பள்ளிவாசலை கி.பி. 785-ஐ ஒட்டி முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கினார். பின்வந்தோர் இரு நூற்றாண்டுகள் விரிவாக்கினர். இன்றும் எண்ணூற்றுக்கு மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. 1236-இல் நகரம் கைமாறியதும் அது தேவாலயமாக்கப்பட்டது. இன்றும் அது தேவாலயமே. முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதி இல்லை. 2010-ஆம் ஆண்டு சுற்றுலா வந்த சில முஸ்லிம்கள் உள்ளே தொழ முற்பட்டபோது காவலர்களுடன் கைகலப்பு மூண்டு, கைது வரை சென்றது.

உள்ளம் கலங்குவது இயல்பு. ஆனால் நிபந்தனைக்கு உட்பட்டு நுழைந்தவர் நிபந்தனையை மீறலாகாது. பாருங்கள்; மனத்துக்குள் திக்ரு செய்யுங்கள்; வெளியே வந்து தொழுங்கள். அங்கே தூண்கள் எல்லாம் நிற்கின்றன. ஸஃப்பு மட்டும்தான் இல்லை. அதைக் கண்டு கண்ணீர் விட்டவர், அன்றைய லுஹ்ரைக் களா ஆக்கினால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

கிப்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாம் ஸ்பெயினில் கிழக்கு நோக்க வேண்டும். சற்றே தெற்குச் சாய்வு. அப்பழைய பள்ளியின் மிஹ்ராபு இதைவிட அதிகமாகத் தெற்கே சாய்ந்திருக்கும். அதை அளவுகோலாகக் கொள்ளாமல் திசைகாட்டியைப் பார்த்துக் கொள்க.

நேரத்தை வகுப்பது எப்படி?

ஸ்பெயினின் கடிகாரம் சூரியனுக்கு முந்தி ஓடுவது. ஜூன் மாதக் கடைசியில் லுஹ்ரு நுழைவது பிற்பகல் 2.20-க்கு மேல்தான், மஃரிபு இரவு 9.45-ஐ ஒட்டி. டிசம்பர்க் கடைசியிலோ லுஹ்ரு 1.20-ஐ ஒட்டி, மஃரிபு மாலை 6-ஐ ஒட்டி. புறப்படும் நாளின் வக்து அட்டவணையைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.

கோடைக்காலம் என்று வைத்துக் கொள்வோம். காலை பத்து மணிக்குப் புறப்பட்டால், குன்றின்மேல் கோட்டையுடன் நிற்கும் எஸ்பெஹோவைக் கடந்து, சுமார் 60 கிலோ மீட்டரில் பயேனாவை அடையலாம். இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒலிவத் தோட்டங்கள். ஒலிவ எண்ணெய்க்கு ஸ்பெயின்காரர் வழங்கும் ‘அஸேய்த்தே’ என்ற சொல் அரபியின் ‘அஸ்ஸைத்’ அன்றி வேறில்லை. பிறகு பிரதான சாலையை விட்டுச் சற்று விலகினால் ஸுஹேரோஸ் எனும் வெள்ளைக் கிராமம். பாறை உச்சியில் கோட்டை. தெருக்கள் குறுகல், காரை வெளியே நிறுத்தி நடந்து செல்லுங்கள்.

மீண்டும் சாலைக்கு வந்து, அல்காலா லா ரெயாலில் லுஹ்ருக்காக நிறுத்துங்கள். ‘அல்காலா’ என்பது ‘அல்கல்ஆ’, அதாவது கோட்டை. வரலாற்றாசிரியர் இப்னு ஸயீத் அல்மஃக்ரிபியின் குடும்பத்தார் ஆண்ட கோட்டை இது, 1341-இல் கைமாறியது. இங்கிருந்து கர்னாத்தா சுமார் 50 கிலோ மீட்டர்தான்.

ஷாஃபிஈகள் இங்கேயே லுஹ்ரோடு அஸ்ரையும் முற்படுத்தி ஜம்உ செய்யலாம். முதலில் லுஹ்ரைத் தொழ வேண்டும். அது முடிவதற்குள் ஜம்உ நிய்யத் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி கூடாது. ஹனஃபிகள் லுஹ்ரை இங்கே தொழுதுவிட்டு, அஸ்ரை அதன் வக்தில் கர்னாத்தாவில் தொழலாம். கோடையில் அஸ்ரு மாலை ஆறுக்குப் பின்பே வருவதால் சிரமமே இல்லை.

ஓடும் காரில் உட்கார்ந்தவாறே பர்ளு தொழுவது, இறங்கித் தொழ இயன்றவருக்குக் கூடாது. ஒளூவுக்குத் தண்ணீரும் ஒரு விரிப்பும் காரில் இருக்கட்டும். நிறுத்த அனுமதியுள்ள ஒதுக்குப்புறத்தில் பெண்களும் தொழட்டும். பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சம் தொழுகையைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

உணவில் கவனம்

குர்துபாவின் ‘ஸல்மொரேஹோ’ எனும் தக்காளிக் கூழ் பார்வைக்குச் சைவம். மேலே பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவித் தருவது அவ்வூர் வழக்கம். ‘மந்தெகாதோ’ எனும் இனிப்பு பன்றிக் கொழுப்பில் செய்யப்படுவது. கேட்டு உண்ணுங்கள். மீனும் காய்கறியும் பழங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அல்ஹம்ராவின் சீட்டு

1492 ஜனவரி 2-ஆம் நாள் கர்னாத்தா கைமாறும் வரை நஸ்ரி மன்னர்கள் வாழ்ந்த அல்ஹம்ராவுக்குச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். அரண்மனைக்குள் நுழையும் நேரம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். அதற்காகப் பயணிகள் உறக்கத்தையும் உணவையும் மாற்றிக் கொள்கிறார்கள். ஒரு கட்டடத்தின் வாசற்காவலர் குறித்த நேரத்துக்கு இவ்வளவு மரியாதை தருகிறோமே. படைத்தவன் குறித்த வக்துக்கு எவ்வளவு தர வேண்டும்! அந்தச் சுவர்களில் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டுள்ள வாசகமே, வெற்றியாளன் அல்லாஹ்வைத் தவிர வேறில்லை என்பதுதான். அதனைப் படம் பிடித்துக் கொண்டு தொழுகையை மறப்பது தகுமா? மறுநாள் காலை நேரத்துக்குச் சீட்டு வாங்கினால் எந்த வக்தும் குறுக்கிடாது.

அல்ஹம்ராவுக்கு எதிரே அல்பைஸின் குன்றின்மேல் 2003 ஜூலையில் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. நகரம் கைமாறி ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே எழும்பிய பள்ளி அது. அக்குன்றில் வெளியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. சிறிய பேருந்தில் ஏறியோ நடந்தோ செல்லுங்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும் முஸாபிர் நான்கு ரக்அத்துகளையும் முழுமையாகத் தொழ வேண்டும் என்பதை மறவாதீர்கள். குர்துபாவில் காணாத ஸஃப்பு இங்கே நிற்கிறது. அதில் நீங்களும் ஒருவராக நில்லுங்கள்.

பயணத்திலும் இருப்பிலும் தொழுகையைப் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.