கேட்பாரற்றுக் கிடக்கும் தோம்பு

2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள். ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. அருகிலிருந்த பள்ளிகளில் மாணவர்கள் பலருக்கு மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவை ஏற்பட்டன. சில நாட்களில் பாதிப்பு மேலும் பரவியது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றங்கரைக்கே செல்லாதவர்களையும் காற்றில் கலந்து வந்த நச்சு தாக்கியது.

ஆற்றில் கொட்டப்படுவது போலவே, இத்தகைய கழிவு தோம்புகளில் அடைக்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளின் ஓரத்திலும் காலி நிலங்களிலும் இரவோடு இரவாகக் கைவிடப்படுவதும் உண்டு. தொழிற்சாலைக் கழிவை முறையாக அழிக்கச் செலவாகும். அதை மிச்சப்படுத்த நினைப்பவர்களே இப்படிச் செய்கின்றனர். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி இது குற்றமாகும். 2024ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஆயினும், தோம்பை முதலில் காண்பவர் பெரும்பாலும் அதிகாரி அல்லர். அவ்வழியே நடந்து செல்லும் நம்மில் ஒருவரே.

கேட்பாரற்றுக் கிடக்கும் தோம்பைக் கண்டால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். பழைய இரும்புக் கடையில் விற்கலாம், கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்றும் சிலர் எண்ணுவர். இவை யாவும் ஆபத்தானவை. காலியாகத் தோன்றும் தோம்பிலும் தீப்பற்றக்கூடிய ஆவி தங்கியிருக்கும். உப்பிய தோம்பு, உள்ளே அழுத்தம் கூடியிருப்பதைக் காட்டுகிறது. தட்டினாலோ உருட்டினாலோ அது வெடிக்கக்கூடும். முகர்ந்து பார்த்து அறியலாம் என்பதும் தவறு. ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டையைப் போல் நாறும். அதன் அளவு கூடும்போது நுகரும் திறனே மழுங்கிவிடும். வாடை போய்விட்டது என்று எண்ணும் நேரமே ஆபத்து மிகுந்த நேரமாகும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? முதலில், தொடாமல் விலகிச் செல்ல வேண்டும். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ, தோம்பை நெருங்காமல் சுற்றி அத்திசைக்குச் செல்ல வேண்டும். பல இரசாயன ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. ஆகவே, கால்வாய், பள்ளம் போன்ற தாழ்வான இடங்களில் நிற்கக்கூடாது. அடுத்து, பாதுகாப்பான தொலைவை அடைந்ததும் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இடம், தோம்புகளின் எண்ணிக்கை, கசிவு உண்டா என்பனவற்றைத் தெரிவிக்க வேண்டும். சிவப்புக் கோட்டால் ஆன சாய்சதுரக் குறியீடு கண்ணில் பட்டிருந்தால் அதில் இருந்த படத்தையும் கூறலாம். அதைப் பார்ப்பதற்காக நெருங்கிச் செல்லக்கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவவும் முயலக்கூடாது. அடர்ந்த அமிலங்கள் சில, நீருடன் கலந்தால் கொதித்துத் தெறிக்கும்.

தோலிலோ கண்ணிலோ இரசாயனம் பட்டுவிட்டால், அது பட்ட உடையைக் களைந்துவிட்டுக் குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். பின்னர், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. தோம்பின் அருகில் நண்பன் மயங்கி விழுந்தால், ஓடிச்சென்று தூக்கவே மனம் துடிக்கும். ஆனால், அவனை வீழ்த்திய அதே காற்றைத்தான் நாமும் சுவாசிக்க நேரிடும். காப்பாற்றச் சென்றவரும் மயங்கிவிட்டால், அழைப்பதற்கு அங்கு யாரும் இருக்கமாட்டார். சுவாசக் கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்ட தீயணைப்பு மீட்புப் படையினரே அங்கு நெருங்க முடியும். அவர்களை ஒரு நிமிடம் முன்னதாக வரவழைப்பதே அந்நேரத்தில் நண்பனுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவியாகும்.