உறிஞ்சலா, பசையா?

மாணவர்களே, அலை மோதும் பாறையிலும் கடல் முள்ளெலி அசையாமல் இருக்கிறதே, எப்படி? அதன் முட்களிடையே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்க் கால்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உடலினுள் ஒரு நீர்ப்பை. பை சுருங்கினால் நீர் காலுக்குள் பாய்ந்து கால் நீளும். கால் தசை சுருங்கினால் நீர் பைக்கே திரும்பும். நமது பாஸ்கல் விதிதான்!

கால் நுனியிலுள்ள வட்டு, வெற்றிடம் உண்டாக்கிப் பாறையைப் பற்றுகிறது என்று நானும் ஒரு காலத்தில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே வகைக் கால்களுடைய நட்சத்திர மீன், துளையிட்ட தகட்டிலும் உறுதியாக ஒட்டுகிறது. துளை வழியே நீர் புகுந்துவிடுமே, பிறகு வெற்றிடம் ஏது? வட்டு பசையைச் சுரந்து ஒட்டுகிறது. விடுபட வேறொரு பொருளைச் சுரக்கிறது. கால் நகர்ந்த பின்னும் பசையின் தடம் அங்கேயே இருக்கும். சாயமிட்டால் கண்ணுக்குத் தெரியும்.