உழவர் கம்பெனிகளின் கொள்முதல் கணக்கைப் பரிசீலிக்கும் முறை

தாமிரபரணிப் பாசனப் பிரதேசத்தில் கார், பிசானம் ஆகிய இரு போகங்களுக்கும் வேண்டிய உரம், விதை, மருந்து முதலியவற்றைப் பலர் சேர்ந்து மொத்தமாக வாங்குவது அனுகூலமானதென்பது மிராசுதார்கள் அறிந்த விஷயம். கம்பெனிச் சட்டத்தின்படி, பத்துச் சாகுபடிக்காரர்கள் சேர்ந்தே ஓர் உற்பத்தியாளர் கம்பெனி ஸ்தாபிக்கலாம். ஆனால் மொத்தமாக வாங்குவதனால் மட்டும் பணம் மிச்சமாகிவிடாது. பங்குப் பணம் எந்தச் சரக்கில், எவரிடம், என்ன விலைக்குச் சென்றதென்று டைரக்டர்கள் கண்டறியாவிடில், அடுத்த போகத்துக்குக் கைமுதல் குறைந்துபோகும்.

இதற்கு 'டாஷ்போர்டு' எனப்படும் கணக்குப் பலகை தற்காலத்தில் மிகவும் உபயோகமாயிருக்கிறது. கம்ப்யூட்டரில் எக்ஸெல் ஏட்டில், பில்லிலுள்ள ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரியாக, பில் நம்பர், தேதி, வியாபாரி, சரக்கு, எடை, விலை, வண்டி வாடகை, போகம் ஆகியவற்றைப் பதிந்து வரவேண்டும். 'பிவட் டேபிள்' அவற்றைத் தொகுத்துத் தரும். 2010ஆம் வருஷப் பதிப்பு முதல் 'ஸ்லைசர்' என்னும் பொத்தான்களும் அதில் உண்டு. பிசானம் என்ற பொத்தானை அழுத்தினால், அதனுடன் இணைத்த படங்கள் யாவும் பிசானக் கணக்காக மாறும். போகத்துக்குத் தனிப் பத்தி அவசியம். புரட்டாசியில் வந்திறங்கும் மூட்டை பெரும்பாலும் பிசானத்துக்கானது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிட்டாலோ பிசானமே இரண்டாக வெட்டுண்டுபோம்.

ஒரே வியாபாரியின் பெயரை மூன்று விதமாக எழுதினால் பலகை மூன்று வியாபாரிகளைக் காட்டும்.

மூட்டைக் கணக்கும் ஏமாற்றக்கூடியது. 2018இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. 900 கிலோவுக்கு முன்பு 18 மூட்டை, பின்பு 20. பழைய கணக்குடன் ஒப்பிடுவோர் கொள்முதல் பெருகிவிட்டதென்று மயங்குவர். ஆகையால் கிலோவிலேயே பதிந்து, கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கலிலுள்ள பயிர்ப் பரப்புடன் ஒப்பிடுவது நலம்.

கிலோவைவிடச் சத்தைக் கொண்டு கணக்கிடுவது இன்னும் சிறந்தது. 2025இல் யூரியா மூட்டை ரூ. 266.50; அதில் தழைச்சத்து 20.7 கிலோ. ஆகவே கிலோ தழைச்சத்து சுமார் ரூ. 12.90. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ரூ. 1,350, அதிலுள்ள 9 கிலோ தழைச்சத்தின் மதிப்பைக் கழித்தால், 23 கிலோ மணிச்சத்து கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய ரூ. 53.70 ஆகும். இக்கணக்குப்படி 20-20-0-13 காம்ப்ளெக்ஸ் 50 கிலோ மூட்டையிலுள்ள தழை, மணிச் சத்துக்களின் மதிப்பு சுமார் ரூ. 665. அதற்குமேல் கொடுப்பது 6½ கிலோ கந்தகத்துக்காகவே. அந்த நிலத்துக்குக் கந்தகம் வேண்டுமா என்பதை மண் பரிசோதனைதான் சொல்லவேண்டும்.

யூரியாவின் விலை சர்க்கார் நிர்ணயித்தது. ஆகவே அதில் வியாபாரிக்கு வியாபாரி வித்தியாசம் தேடுவது வீண். நஷ்டம் வேறு வழியில் வருகிறது. தட்டுப்பாடான நாட்களில், நுண்ணூட்டக் கலவையோ நானோ யூரியா புட்டியோ கூட எடுத்தால்தான் மூட்டை தரமுடியுமென்று சில வியாபாரிகள் சொல்வதுண்டு. இவ்விதம் கட்டி விற்கலாகாதென்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டிருக்கிறது. பில்லில் இவை தனித்தனி இனங்களாகவே தோன்றுவதால், நோட்டுப் புத்தகக் கணக்கில் எளிதில் அகப்படுவதில்லை. பலகையில் பில் நம்பரை இடப்பக்கமும் சரக்கை மேற்பக்கமும் வைத்துப் பார்த்தால், யூரியா உள்ள பில்களில் எந்தச் சரக்கு தவறாமல் உடன்வருகிறதென்பது வெளிப்படும். அச்சரக்கு கோடவுனில் விற்காமல் தேங்கியிருந்தால் சந்தேகம் வலுப்படும். அத்தகைய பில்களின் நகல்களை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில், யூரியா தேவைப்படும் காலம் கடக்குமுன் கொடுத்துவிட வேண்டும்.