உறையினுள் இருக்கும் வாயுவும் இறைச்சியின் தரமும்

மும்பை மாநகராட்சியின் தேவனார் இறைச்சிக் கூடம், பாந்திராவிலிருந்த பழைய கூடத்திற்கு மாற்றாக 1971இல் செயற்படத் தொடங்கியது. அதனை அடுத்துள்ள செம்பூரிலாயினும், சற்றுத் தொலைவிலுள்ள தாராவியிலாயினும், இறைச்சி வாங்குவோர் முதலில் நோக்குவது நிறத்தையே. சிவப்பாயிருப்பின் புதியது, கருத்திருப்பின் பழையது என்பது அவர்தம் துணிபு. உறையிலிட்ட இறைச்சிக்கு இவ்வளவுகோல் பொருந்தாது.

தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதமே நிறத்திற்குக் காரணம். பிராணவாயு தாராளமாகக் கிடைப்பின் அது செந்நிறம் பெறும். அறவே இல்லையெனில் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து தோன்றும். விந்தை யாதெனில், பிராணவாயு சிறிதளவே எஞ்சியிருக்கும் நிலையிற்றான் இறைச்சி விரைவில் பழுப்பேறுகிறது. காற்றை அரைகுறையாக அகற்றிய உறை இதனாலேயே கெடுதலாகிறது.

மேலை நாட்டு அங்காடிகளில் 70 முதல் 80 விழுக்காடு பிராணவாயுவும், எஞ்சிய பகுதி பெரும்பாலும் கரியமிலவாயுவுமாக நிரப்பிய உறைகள் வழக்கில் உள்ளன. பிராணவாயு நிறத்தைக் காக்கிறது. கரியமிலவாயு, நாற்றத்தை விளைவிக்கும் சூடோமோனாஸ் வகை நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. ஆயினும் மிகுந்த பிராணவாயு கொழுப்பைக் காறச் செய்கிறது. இறைச்சியின் மென்மையும் குறைகிறது. கண்ணுக்கு இனிதாயிருப்பது நாவிற்கு அவ்வாறில்லை! மாறாக, காற்று முற்றிலும் அகற்றப்பட்ட உறையிலுள்ள கருஞ்சிவப்பு இறைச்சியே நெடுநாள் தாங்குகிறது. நியூசிலாந்து தன் ஆட்டுக்குட்டி இறைச்சியை உறையவைக்காமலே, கடுங்குளிரில் பல வாரக் கப்பற் பயணமாக ஐரோப்பாவிற்கு அனுப்புவது இம்முறையிற்றான்.

அமெரிக்காவில் 0.4 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு சேர்க்க இசைவுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதனை ஏற்கவில்லை. கெட்ட பின்னரும் இறைச்சி செந்நிறமாகவே தோன்றுமாதலால், வாங்குவோர் ஏமாறக்கூடும் என்பதே எதிர்ப்பிற்குக் காரணம். நிறத்தையே நம்பும் நம் சந்தைக்கு இவ்வெதிர்ப்பு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

இவையனைத்தும் குளிர்ச்சியைச் சார்ந்தவை. கரியமிலவாயு இறைச்சியின் ஈரத்தில் கரைந்தே செயற்படுகிறது. வெப்பம் ஏறக் கரைதிறன் குறையும். அன்றியும், காற்றற்ற உறை வெப்பமடையின் தாவரப் பொருளிலும் இறைச்சியிலும் நஞ்சு விளைவிக்கும் கிளாஸ்ட்ரிடியம் போன்ற நுண்ணுயிர்கள் பெருக இடமுண்டு. மும்பையின் வெப்பத்தில் ஓர் உறை சில மணி நேரம் வெளியிற் கிடப்பினும், வாயுவிற்கும் பொறிக்கும் செய்த செலவு வீணே. எனவே இத்தொழிலுக்குக் கடன் கேட்டு வரும் திட்டங்களை ஆராயும் அலுவலர், உறையிடும் பொறியின் விலைப்பட்டியலைப் புரட்டுமுன், கூடத்திலிருந்து கடைவரை 0 முதல் 4 பாகை செல்சியசு குளிர்நிலை எங்ஙனம் காக்கப்படும், மின்தடையின்போது யாது செய்யப்படும் என்று வினவுதல் வேண்டும்.