ஆர்க்ரைட்: ஒரு பேருக்குள் ஒரு பெட்டி

தொழிற்புரட்சி பத்தி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு பேர் வந்தே தீரும்: ரிச்சர்ட் ஆர்க்ரைட். "வாட்டர் ஃபிரேம், 1769" என்று ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். இன்னைக்கு அந்த மெஷினைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, அவரோட பேரைப் பார்ப்போம். ஆர்க்ரைட் என்றால் என்ன? ஸ்மித், ரைட் மாதிரி அந்தக் குடும்பப்பெயர் ஏன் எங்கேயும் கேட்கக் கிடைப்பதில்லை? இந்த ரெண்டாவது கேள்விக்குள் ஒரு நல்ல கணக்கு ஒளிஞ்சிருக்கு.

முதலில் பின்பாதி. "ரைட்" என்றதும் "சரி" என்றோ "எழுது" என்றோ நினைக்காதீங்க. இது டபிள்யூவில் தொடங்கி நடுவில் ஜி, எச் வரும் ரைட். பழைய ஆங்கிலத்தில் இதற்கு "செய்பவர், கைவினைஞர்" என்று பொருள். "வொர்க்" என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. மெட்டலர்ஜியில் படிச்ச "ராட் அயர்ன்" ஞாபகம் இருக்கா? அந்த "ராட்" என்பது "வொர்க்" என்பதன் பழைய இறந்தகால வடிவம்தான். அடித்து வேலை செய்யப்பட்ட இரும்பு என்று அர்த்தம். நாடக ஆசிரியரைக் குறிக்கும் "பிளேரைட்" என்ற சொல்லிலும் எழுதுபவர் இல்லை, நாடகத்தைச் "செய்பவர்"தான் இருக்கிறார்.

இனி முன்பாதி. "ஆர்க்" என்றால் பெட்டி. லத்தீன் மொழியின் "ஆர்கா"விலிருந்து வந்த சொல். நோவாவின் கப்பலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். தமிழ் பைபிளில் அது "பேழை". பேழை என்றாலும் பெட்டிதானே! ஆனால் வட இங்கிலாந்தில் "ஆர்க்" என்றதும் ஜனங்களுக்கு ஞாபகம் வந்தது கப்பல் இல்லை. வீட்டில் மாவும் தானியமும் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி. ஈரமான ஊர், எலித் தொல்லை வேற. ஓட்ஸ் மாவு கெட்டுப்போனால் வீட்டில் சாப்பாடு கிடையாது. அதனால் நல்ல பெட்டி செய்யத் தெரிந்தவருக்கு ஊரில் மரியாதை இருந்தது. அவர்தான் ஆர்க்ரைட்.

இங்கிலாந்தில் குடும்பப்பெயர்கள் பரம்பரையாக நிலைத்தது 1066-இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்ததற்குப் பிறகு, மூன்று நான்கு நூற்றாண்டுகளில். ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் எந்த ஜான் என்று எப்படிச் சொல்வது? அப்பா பேரைச் சேர்த்தார்கள், ஊர்ப் பேரைச் சேர்த்தார்கள், பட்டப்பேர் வைத்தார்கள், அல்லது செய்யும் தொழிலைச் சேர்த்தார்கள். இப்படி வந்ததில் "ரைட்" குடும்பம் பெருசு. மாட்டுவண்டி மாதிரியான பாரவண்டி செய்தவர் வெயின்ரைட், கட்டைவண்டி செய்தவர் கார்ட்ரைட், சக்கரம் செய்தவர் வீல்ரைட். தச்சர் என்று பொதுவாகச் சொன்னால் போதும் என்ற ஊர்களில் வெறும் ரைட்.

இப்போ ரெண்டாவது கேள்வி. ரைட் இங்கிலாந்தில் மிகப் பரவலான பேர்களில் ஒன்று. ஆர்க்ரைட் அரிது; அதுவும் பெரும்பாலும் லங்காஷையர் பக்கம்தான். தச்சர் எல்லா ஊரிலும் இருந்தார். மாவுப்பெட்டி மட்டும் செய்து பிழைத்தவர் சில ஊர்களில்தான் இருந்தார். அந்தப் பொருளில் "ஆர்க்" என்ற சொல்லே வடக்கில்தான் புழங்கியது. ஆக, ஆர்க்ரைட் பேர் தொடங்கியதே சில குடும்பங்களில்தான்.

ஆரம்பத்தில் கம்மியா இருந்தா என்ன, வளர்ந்திருக்கலாமே என்று கேட்பீங்க. அங்கேதான் கணக்கு வருது. குடும்பப்பெயர் மகன் வழியாகப் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மகனே இல்லாமல் போக வாய்ப்பு 1/4, ஒரு மகனுக்கு 1/4, ரெண்டு மகனுக்கு 1/2. சராசரி 1.25 மகன். அதாவது பேர் வளரத்தான் வேண்டும். அவருடைய வம்சப்பேர் என்றாவது ஒருநாள் அற்றுப்போகும் வாய்ப்பை "அ" என்போம். மகன் இல்லாவிட்டால் பேர் அப்போதே போச்சு. ஒரு மகன் என்றால் அவன் வம்சம் அற்றுப்போக வேண்டும். ரெண்டு பேர் என்றால் ரெண்டு வம்சமும் அற்றுப்போக வேண்டும். ஆக:

அ = 1/4 + அ/4 + அ²/2

தீர்த்துப் பாருங்க. ரெண்டு மூலங்கள்: 1, 1/2. எது சரி?

1873-இல் பிரான்சிஸ் கால்டன் இந்தக் கேள்வியை "எஜுகேஷனல் டைம்ஸ்" இதழில் கேட்டார். புகழ்பெற்ற குடும்பங்களின் பேர்கள் ஏன் மறைகின்றன என்பது அவருடைய கவலை. பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வில்லியம் வாட்சன் விடை எழுதினார். 1874-இல் இருவரும் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். முறை பிரமாதம். ஆனால் வாட்சன் 1 என்ற மூலத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாக் குடும்பப்பெயரும் கடைசியில் அற்றுத்தான் போகும் என்று சொல்லிவிட்டார். 1 எப்போதுமே மூலமாக வரும். அதனாலேயே அது விடை ஆகிவிடாது. பிரான்சில் பியெனைமே என்பவர் 1845-லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

கால்குலேட்டரை எடுங்க. "அ"வுக்கு 0 போட்டு வலப்பக்கத்தைக் கணக்கிடுங்க: 0.25. இது முதல் தலைமுறையிலேயே பேர் போகும் வாய்ப்பு. அந்த 0.25-ஐ மறுபடி போடுங்க: 0.34375. அதை மறுபடி: சுமார் 0.395. எத்தனை தலைமுறை போனாலும் 0.5-ஐ நெருங்கும், தாண்டாது. 1-ஐத் தொடவே தொடாது. சின்ன மூலம்தான் சரியான விடை.

இதை வைத்து நம்ம ரெண்டு பேரையும் பாருங்க. ரெண்டே ரெண்டு ஆர்க்ரைட்டில் தொடங்கினால் பேர் அற்றுப்போகும் வாய்ப்பு 1/4. பத்து ரைட்டில் தொடங்கினால் 1/1024. ஒரே ஊர், ஒரே மாதிரி குடும்பம், ஒரே பிறப்பு விகிதம். ஆனாலும் அரிய பேர் எப்போதும் விளிம்பில்தான் நிற்கிறது. சராசரியைச் சரியாக 1 ஆக்குங்க (1/4, 1/2, 1/4): ரெண்டு மூலமும் 1. அப்போது எத்தனை பேரில் தொடங்கினாலும் பேர் நிச்சயம் மறையும். இதே முறைதான் பிற்காலத்தில் அணுக்கருத் தொடர்வினைக்கும் தொற்றுநோய்ப் பரவலுக்கும் பயன்பட்டது.

ஆர்க்ரைட் பேர் தப்பிப் பிழைத்தது. 1732-இல் லங்காஷையரின் பிரஸ்டன் ஊரில் ஒரு தையல்காரர் வீட்டில் ரிச்சர்ட் பிறந்தார். பேரில் தச்சர் இருந்தாலும் வீட்டில் தச்சுவேலை இல்லை. அவர் முடிதிருத்துபவராகவும் விக் செய்பவராகவும் பிழைத்தார். பிறகு கடிகாரம் செய்யும் ஜான் கே உதவியோடு நூற்பு இயந்திரத்தை உருவாக்கினார். 1771-இல் டெர்பிஷையரின் குரோம்ஃபோர்டில் தண்ணீர் விசையில் ஓடும் மில்லைத் தொடங்கினார். கண்டுபிடிப்பு உண்மையில் யாருடையது என்று வழக்கு நடந்து 1785-இல் அவருடைய பேட்டன்ட் ரத்தானது. அதே 1785-இல் விசைத்தறிக்குப் பேட்டன்ட் வாங்கியவர் எட்மண்ட் கார்ட்ரைட். பெட்டித் தச்சர் பேரில் ஒருவர் நூற்பையும், வண்டித் தச்சர் பேரில் ஒருவர் நெசவையும் கைவேலையிலிருந்து மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள்.

மாவுப்பெட்டித் தொழில் போய்விட்டது. அந்தத் தொழிலின் பேரை ஒரு நூற்பு மெஷின் நமக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அடுத்த முறை ரெண்டு மார்க் கேள்வியில் ஆர்க்ரைட் வந்தால், விடையை எழுதிட்டு அந்தப் பெட்டியையும் ஒரு நொடி நினைச்சுக்கோங்க. மேத்ஸ் பரீட்சையில் ரெண்டு மூலம் வந்தால், வாட்சனை நினைச்சுக்கோங்க.