நகரப் பேருந்துகளில் கட்டண ஏய்ப்பும் பணியாளர் கடமையும்

நம் நகரங்களில் பணிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் நாள்தோறும் சென்று திரும்பும் எளிய மக்களுக்குப் பேருந்தே இன்றியமையாத ஊர்தி. அவர்கள் செலுத்தும் கட்டணம் சிறுதொகையேயாயினும், டீசலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பணியாளர் ஊதியத்துக்கும் அச்சிறுதொகைகளின் கூட்டுத்தொகையே அடிப்படை. 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் கழகங்களுக்கு இரு கடமைகளை விதிக்கிறது. திறமையான, போதுமான, சிக்கனமான போக்குவரத்தை மக்களுக்கு அளிக்க வேண்டும் என்பது ஒன்று. தொழிலை வணிக நெறிகளின்படி நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. கட்டணம் செலுத்தாமல் பயணம் செய்வோர் பெருகினால் இவ்விரு கடமைகளும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. வருவாய் குறைந்த கழகம் பழைய பேருந்துகளை மாற்ற இயலாமல் தடங்களைக் குறைக்கிறது. இழப்பின் சுமை இறுதியில் ஒழுங்காகக் கட்டணம் செலுத்திய பயணியின் மீதே விழுகிறது.

எனினும், ஏய்ப்பைத் தடுக்கும் முறை எதுவாக இருக்க வேண்டும், அதில் ஓட்டுநரின் பங்கும் நடத்துநரின் பங்கும் எவ்வளவு என்பவை தெளிவாக வரையறுக்கப்பட வேண்டியவை. பத்து ரூபாய்ச் சீட்டுக்காக ஓர் உயிர் பறிபோகும் நிலை எக்காலத்தும் ஏற்படலாகாது.

சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 124-ஆம் பிரிவில், உரிய பயணச்சீட்டோ அனுமதிச்சீட்டோ இன்றி எவரும் பயணிகள் பேருந்தில் ஏறவோ தங்கவோ கூடாதென விதிக்கிறது. பேருந்துக்குள்ளேயே சீட்டு வழங்கும் ஏற்பாடு இருப்பின், ஏறிய பின் இயன்ற விரைவில் பயணி கட்டணத்தைச் செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். ஆகவே சீட்டுக் கேட்டுப் பெறுவது பயணியின் கடமை. ‘நடத்துநர் வரவில்லை, நான் வாங்கவில்லை’ என்ற விடை சட்டத்தின் முன் முழுமையான சமாதானமாகாது.

178-ஆம் பிரிவு இதற்கான தண்டனையைக் கூறுகிறது. சீட்டின்றிப் பயணம் செய்பவருக்கும், கேட்டபோது சீட்டைக் காட்ட மறுப்பவருக்கும் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதே பிரிவின் அடுத்த உட்பிரிவு நடத்துநரையும் கட்டுப்படுத்துகிறது. கட்டணத்தைப் பெற மறுப்பதும், பணம் பெற்றுச் சீட்டு வழங்காதிருப்பதும், குறைந்த மதிப்புள்ள சீட்டை வழங்குவதும் அவருக்குக் குற்றமாகும். நடத்துநரின் பணியையும் சேர்த்துச் செய்யும் ஓட்டுநருக்கும் இவ்விதி பொருந்தும். பயணி, பணியாளர் ஆகிய இரு தரப்பினரையும் சட்டம் ஒரே பிரிவில் வைத்திருப்பது கருதத்தக்கது. ஏய்ப்பு என்பது பல வேளைகளில் இருவர் சேர்ந்து செய்யும் செயல் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர்.

ஏய்ப்பின் வகைகள்

கட்டண ஏய்ப்பை நான்கு வகைகளாகப் பிரித்தறியலாம். முதலாவது, சீட்டே வாங்காமல் இறங்கிச் செல்வது. இரண்டாவது, அருகிலுள்ள நிலைக்குச் சீட்டு வாங்கி அதற்கப்பாலும் பயணம் செய்வது. மூன்றாவது, காலாவதியான அட்டையையோ பிறருடைய சலுகை அட்டையையோ பயன்படுத்துவது, அரைச்சீட்டு வயதைக் கடந்த சிறுவனுக்கு அரைச்சீட்டு வாங்குவது போன்ற சலுகை முறைகேடு. நான்காவது, நடத்துநரும் பயணியும் உடன்பட்டுச் செய்வது. பத்து ரூபாய்ப் பயணத்துக்குச் சீட்டுக் கொடாமல் ஐந்து ரூபாய் பெற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பயணிக்கு ஐந்து ரூபாய் மிச்சம். நடத்துநருக்கு ஐந்து ரூபாய் வரவு. கழகத்துக்குப் பத்து ரூபாய் இழப்பு. இருவருக்கும் ஆதாயம் இருப்பதால் இதில் முறையீடு எழுவதில்லை. வெளியாரின் சோதனையால் மட்டுமே இது வெளிப்படும்.

இவற்றுடன் சேர்த்து எண்ணத்தகாத ஐந்தாவது நிலையும் உண்டு. நெரிசல் மிகுந்த பேருந்தில் நடத்துநரை நெருங்க இயலாமலும், சில்லறை இன்றியும், ஊருக்குப் புதியவராகையால் நிலைகளை அறியாமலும் சீட்டின்றி நிற்பவர்கள் இதில் அடங்குவர். வெளித்தோற்றத்தில் இவர்களும் ஏய்ப்போரும் ஒருவர் போலவே காணப்படுவர். ஆதலால் முதல் விசாரிப்பு எப்போதும் ஐயமற்ற, மரியாதையான குரலில் அமைவது நன்று.

பொருளியல் நோக்கு

அமெரிக்கப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1968-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், குற்றம் செய்ய எண்ணுபவர் ஆதாயத்தையும், பிடிபடும் வாய்ப்பையும், தண்டனையின் அளவையும் ஒப்பிட்டு முடிவு செய்வதாகக் கொண்டு ஒரு பகுப்பு முறையை வகுத்தார். இம்முறையை நம் பேருந்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். கட்டணம் 10 ரூபாய், அபராதம் 500 ரூபாய் எனக் கொள்வோம். ஐம்பது பயணங்களில் ஒருமுறை சோதனை நிகழ்ந்தால், ஏய்ப்பவர் சராசரியாக ஒரு பயணத்துக்கு 10 ரூபாய் இழக்க நேரும். ஏய்ப்பால் அவருக்கு ஆதாயமில்லை. நூறு பயணங்களில் ஒருமுறை மட்டுமே சோதனை நிகழ்ந்தால் எதிர்பார்க்கும் இழப்பு 5 ரூபாயாகக் குறைகிறது. கணக்குப் பார்ப்பவருக்கு ஏய்ப்பே இலாபமாகத் தோன்றும்.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. அபராதத்தை உயர்த்துவதால் மட்டும் பயனில்லை. சோதனை நிகழும் என்ற எதிர்பார்ப்பு பயணியின் மனத்தில் நிலைக்க வேண்டும். அடுத்து, பரிசோதகருக்கும் ஊதியம் உண்டு. கூடுதலாக ஒரு பரிசோதகரை அமர்த்துவதால் மீளும் வருவாய் அவருக்காகும் செலவை விடக் குறையும் நிலையில், மேலும் ஆட்களை அமர்த்துவது வீண் செலவாகும். எனவே, ஏய்ப்பை முற்றிலும் ஒழிப்பதினும், தாங்கத்தக்க சிறு அளவுக்குள் அடக்குவதே நடைமுறைக்கு ஒத்த இலக்கு.

காலத்தின் மதிப்பும் இக்கணக்கில் சேர வேண்டும். ஒரு பயணி சீட்டு வாங்க மறுக்கிறார் என்பதற்காக ஐம்பது பேர் உள்ள பேருந்தைப் பத்து நிமிடம் நிறுத்தினால், 500 பயணி-நிமிடங்கள், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களின் காலம் வீணாகிறது. தாமதமான பேருந்துக்காக அடுத்த நிறுத்தங்களில் மேலும் பலர் காத்திருப்பர், நெரிசல் மிகும், நெரிசலில் சீட்டு வழங்குவது தடைப்படும், ஏய்ப்பு வளரும். நோய்க்கு மருந்தென எண்ணிச் செய்தது நோயை வளர்க்கும் கதையாக இது முடியும்.

நடத்துநரின் இக்கட்டு

சோதனையில் சீட்டற்ற பயணி அகப்பட்டால் நடத்துநரும் விளக்கம் தர வேண்டியவராகிறார். இத்தகைய ஒழுங்கு நடவடிக்கைகளில் நீதிமன்றங்கள் கண்டிப்பான நிலையையே மேற்கொண்டுள்ளன. அரியானா அரசின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1977-இல் அளித்த தீர்ப்பில், துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் நுண்விதிகள் பொருந்தா என்றும், சீட்டற்ற பயணிகளின் வாக்குமூலம் பதிவாகவில்லை என்பதால் மட்டும் விசாரணை முடிவு செல்லாததாகிவிடாது என்றும் கூறியது.

பொதுப்பணத்தைக் காக்கும் நோக்கில் இக்கண்டிப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் நிர்வாகம் ஒன்றை மறத்தலாகாது. தன் வேலை பறிபோகுமோ என்ற அச்சத்துடன் நிற்கும் நடத்துநர் சிறு மறுப்பையும் பெருஞ்சண்டையாக்க நேரிடும். கைப்பற்றிய தொகையை மறைத்தவரையும், நெரிசலில் ஒருவரைத் தவறவிட்டவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நீதியாகாது. பேருந்தில் அப்போதிருந்த பயணிகள் தொகை, முந்தைய நிலையிலிருந்து கடந்த தொலைவு, பணப்பையில் உள்ள தொகை கணக்குடன் ஒத்துள்ளதா என்பது ஆகிய மூன்றையும் பரிசோதகர் தம் அறிக்கையில் தவறாது குறித்தால் இவ்வேறுபாடு விளங்கிவிடும்.

ஓட்டுநரின் கடமை

ஓட்டுநரின் முதற்கடமை ஊர்தியைப் பாதுகாப்பாகச் செலுத்துவது. இதை நெஞ்சில் நிறுத்தியே பிற கடமைகள் வகுக்கப்பட வேண்டும்.

ஏய்ப்பைத் தடுப்பதில் ஓட்டுநரின் பெரும்பங்கு கதவுகளைக் கையாள்வதில் உள்ளது. நிறுத்தத்தில் மட்டும் கதவைத் திறப்பதும், படிக்கட்டில் ஆள் நிற்கையில் வண்டியை நகர்த்தாமையும், நெரிசல் வேளையில் நடத்துநர் சீட்டு வழங்கி முடிக்கச் சற்று அவகாசம் தருவதும் அவர் கையில் உள்ளவை. படிக்கட்டுப் பயணத்தைச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தடை செய்வதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஓடும் வண்டியிலிருந்து குதித்து இறங்குவோருள் சீட்டற்றோரும் இருப்பர். கதவு மூடியிருந்தால் வருவாயும் உயிரும் சேர்ந்தே காக்கப்படும்.

நடத்துநரின்றி இயங்கும் பேருந்தில் ஓட்டுநரே கட்டணம் பெறுகிறார். அங்கு ஒருவர் செலுத்த மறுத்தால் பின்வரும் நெறி தகுதியானது. கட்டணம் இவ்வளவு என்று ஒருமுறை தெளிவாகக் கூற வேண்டும். மறுத்தால் வாதம் வளர்க்காமல், இடம், நேரம், தடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வண்டியைச் செலுத்த வேண்டும். இருக்கையை விட்டு எழுந்து சென்று பிடித்திழுப்பதோ, வழிமறிப்பதோ, துரத்துவதோ கூடாது. மிரட்டலோ தாக்குதலோ நேரின், மக்கள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்திக் காவல்துறைக்கும் பணிமனைக்கும் தெரிவிக்க வேண்டும்.

இந்நெறி கோழைத்தனம் என்று சிலர் கருதக்கூடும். அயல்நாட்டு நிகழ்ச்சியொன்று அவர்களுக்கு விடை கூறும். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 2008 டிசம்பரில், கட்டணம் செலுத்தாது ஏறிய பயணி மாற்றுச்சீட்டுக் கேட்க, ஓட்டுநர் மறுத்தார். பயணி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அதே மாநகரப் போக்குவரத்து ஆணையம் 2022-இல் கட்டண, சுங்க ஏய்ப்பால் ஏறத்தாழ 69 கோடி டாலரை இழந்ததென்றும், அதில் பேருந்துகளின் பங்கு ஏறத்தாழ 31.5 கோடி டாலர் என்றும் 2023-இல் வெளியான வல்லுநர் குழு அறிக்கை மதிப்பிட்டது. இழப்பு மிகப் பெரிது. ஆயினும் அதை ஈடுகட்டும் பொறுப்பை, நாற்பது ஐம்பது உயிர்களைத் தன் கையில் தாங்கிச் சக்கரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஒருவர்மீது ஏற்றுவது முறையன்று.

பணியாளருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கழகங்களின் ஊழியர்கள் பணியாற்றுகையில் பொது ஊழியராகக் கருதப்படுகின்றனர். பொது ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்குவது, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

இறக்கிவிடுதல் பற்றி

சீட்டற்றவரை வழியில் இறக்கிவிடும் வழக்கத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் நல்ல வழிகாட்டியாகும். சீட்டற்றவரை வண்டியிலிருந்து அகற்றும் அதிகாரத்தை அதன் 139-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ, பயணம் தொடங்கிய நிலையத்திலோ, சந்திப்பு, முனையம் அல்லது மாவட்டத் தலைநகர் நிலையத்திலோ மட்டுமே, அதுவும் பகலில் மட்டுமே அகற்றலாம் என அது வரம்பிடுகிறது. நகரப் பேருந்துப் பணியாளரும் இக்கருத்தைப் பின்பற்றுதல் தக்கது. பள்ளிச் சிறுவன் அட்டையை வீட்டில் மறந்து வந்தால், அவனை ஆளரவமற்ற சாலையில் இறக்கிவிடுவதால் கழகத்துக்குக் கிடைக்கும் நன்மை ஏதுமில்லை. அவனுக்கு நேரக்கூடிய தீங்கோ அளவிட முடியாதது.

கருவிகளும் இலவசப் பயணமும்

தொழில்நுட்பம் இச்சிக்கலை ஓரளவு எளிதாக்கியுள்ளது. அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய விரைவுப் பேருந்துத் திட்டத்தில், பயணி நிலையத்திலேயே கட்டணம் செலுத்திய பின் வண்டி ஏறும் முறை அமைந்தது. 2019 மார்ச்சில் தேசியப் பொதுப் பயண அட்டை அறிமுகமாயிற்று. மின்னணுச் சீட்டுக் கருவிகளும் கைப்பேசி வழிக் கட்டணமும் சில்லறைத் தகராறைக் குறைத்துள்ளன. நெரிசலைக் குறைக்கும் கூடுதல் பேருந்துகளுக்கு இவை மாற்றாகா என்பதையும் உணர்தல் வேண்டும்.

தில்லியில் 2019 அக்டோபரிலும், தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலும், கர்நாடகத்தில் 2023 ஜூனிலும், தெலங்கானாவில் 2023 டிசம்பரிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. இப்பேருந்துகளிலும் சீட்டு வழங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. கட்டணமில்லையெனில் சீட்டு எதற்கு என்ற வினா இயல்பானதே. அரசு கழகத்துக்கு ஈடு செய்ய வேண்டிய தொகையைக் கணக்கிடவும், எத்தடத்தில் எத்தனை பேர் செல்கின்றனர் என்றறிந்து பேருந்துகளை ஒதுக்கவும் அச்சீட்டே சான்று. ஏறாத பயணிக்குச் சீட்டுக் கிழித்தால் அரசுப் பணம் வீணாகும். ஏறியவருக்குக் கொடாவிட்டால் அவர் கணக்கில் இல்லாதவராகிவிடுகிறார்.

முடிவுரை

கட்டண ஏய்ப்பு ஒழுக்கக்கேடும் நிர்வாகக் குறையும் கலந்த சிக்கல். பயணி கேட்டு வாங்குதல், நடத்துநர் தவறாது வழங்குதல், பரிசோதகர் எதிர்பாராது சோதித்தல், ஓட்டுநர் கதவையும் வண்டியையும் காத்தல், நிர்வாகம் போதிய பேருந்துகளை விடுதல் என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்குண்டு. இவற்றுள் ஒருவர் பங்கை மற்றொருவர் தலையில் சுமத்தும்போதே பேருந்துக்குள் கைகலப்பு மூள்கிறது. தவறிய கட்டணத்தை அடுத்த சோதனையில் மீட்கலாம். பணியாளரோ பயணியோ வீடு திரும்பாமற் போனால் அவ்விழப்பை எந்தக் கணக்கேட்டிலும் நேர்செய்ய இயலாது. இவ்வுண்மையைப் பயிற்சி நிலையங்களில் முதல் பாடமாகக் கற்பித்தல் வேண்டும்.