பாழ்நிலத்தை மீட்க யார் பணம் கொடுப்பது?
வேல்ஸ் நாட்டு நகராட்சி ஒன்றின் அனுபவம்

தரிசு என்று நம் உழவர் சொல்லும்போது, மழை பொய்த்தோ, கிணறு வற்றியோ, ஆள் கிடைக்காமலோ ஏர் பூட்டாது விட்ட நிலத்தையே கருதுகின்றனர். அந்நிலத்துக்கு உயிர் உண்டு. கோடை உழவும் நல்ல மழையும் வாய்த்தால் அது மீண்டும் பயிரேற்கும். ஆனால் வேறொரு வகை நிலமும் உண்டு. சுரங்கம், உலை, கற்குழி முதலியவற்றுக்காக எடுக்கப்பட்டு, பயன் தீர்ந்தபின் கைவிடப்பட்டது அது. எத்தனை மழை பெய்தாலும் அது தானாகத் தேறுவதில்லை. தொழிலினால் சேதமுற்று, தக்க சிகிச்சை செய்தாலன்றி எதற்கும் பயன்படாத நிலம் என்று பிரிட்டிஷ் அரசாங்கத்தார் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளனர். இக்கட்டுரையில் அதனைப் பாழ்நிலம் என்றே குறிப்போம்.

நிலத்தைக் கெடுத்தவர் தொழிலை மூடிச் சென்றுவிட்டார். அருகிலிருப்போரிடம் பணமில்லை. ஊராட்சி மன்றமோ தெருவிளக்குக்கும் குடிநீருக்குமே வருவாய் போதாமல் திண்டாடுகிறது. அரசாங்கம் மான்யம் கொடுக்கலாம் என்றால், எதற்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையின்பேரில் என்ற கேள்விகள் எழுகின்றன. கல்லெடுத்துக் கைவிட்ட பள்ளங்களை எல்லையில் வைத்துக்கொண்டிருக்கும் நம் ஊராட்சி அங்கத்தினர்கள், இக்கேள்விகளோடு நெடுங்காலம் போராடிய சுவான்சீ நகரத்தின் கதையை அறிந்துகொள்வது பயன் தரும்.

சுவான்சீ, பிரிட்டனின் ஒரு பகுதியாகிய வேல்ஸின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம். டாவெ என்னும் ஆறு அங்கே கடலில் கலக்கிறது. அதன் பள்ளத்தாக்கில் 1717-ஆம் ஆண்டில் முதல் செம்பு உலை அமைந்தது. செம்புத் தாதுவை உருக்கத் தாதுவைவிடப் பன்மடங்கு நிலக்கரி வேண்டியிருந்தமையால், கரியைத் தாதுவிடம் கொண்டுசெல்வதைவிடத் தாதுவைக் கரியிடம் கொண்டுவருவதே சிக்கனமாயிருந்தது. கார்ன்வாலிலிருந்தும், பின்னர் கியூபா, சிலி முதலிய தூரதேசங்களிலிருந்தும் கப்பல்கள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உலகத்துச் செம்பில் பெரும்பங்கு இப்பள்ளத்தாக்கில்தான் உருக்கப்பட்டது.

உலைகளிலிருந்து கந்தகமும் நஞ்சும் கலந்த புகை எழுந்தது. கிழக்கே உள்ள கில்வே குன்றில் புல் கருகிற்று. வேர் செத்தபின் மண்ணைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. மழைநீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போயிற்று. கால்நடைகள் நோயுறுவது கண்ட உழவர்கள் 1830-களில் ஆலை முதலாளிகள்மீது வழக்குத் தொடுத்தனர். ஊர் முழுவதும் உலையால் பிழைக்கும்போது உழவரின் வழக்கு எங்ஙனம் நிற்கும்? அவர்கள் தோற்றனர். புல் போன கணக்கை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்நூற்றாண்டின் இறுதியில் செம்புத் தொழில் நலிந்தது. நாகமும் தகரத்தகடும் சிலகாலம் அதன் இடத்தில் நின்று, அவையும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1960-ஆம் ஆண்டையொட்டி இரயிலில் சுவான்சீக்கு வந்தவர் முதலில் கண்டது, மைல் கணக்கில் உலைக்கசடு மேடுகளும், இடிந்த சுவர்களும், புல் முளைக்காத குன்றுமே.

இந்நிலையை நகராட்சியார் அறியாமலில்லை. ஆயினும் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று பணம். மற்றொன்று, பணத்தைவிடப் பெரியது, உரிமை. நிலம் பல கம்பெனிகளின் பெயரில் சிதறிக் கிடந்தது. என்றேனும் விலை ஏறும் என்று எண்ணிய உடைமையாளர் விற்க முன்வரவில்லை; தாமே சீர்செய்யவும் முனையவில்லை. பிறர் நிலத்தில் பொதுப்பணத்தைக் கொட்ட நகராட்சிக்கு வழியில்லை. பட்டாதாரர் வெளியூரில் இருக்க, நிலம் இங்கே முள்மண்டிக் கிடப்பதைக் கண்டிருக்கும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1961-இல் சுவான்சீப் பல்கலைக்கழகக் கல்லூரியார் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். நஃபீல்டு அறநிலையமும், அரசாங்கத் துறைகளும், நகராட்சியும் அதில் சேர்ந்தன. இதன் நோக்கம் உடனே நிலத்தைத் திருத்துவதன்று. எதனால் இந்நிலம் இவ்வளவு காலம் பாழாய்க் கிடக்கிறது என்று அறிவதே. மண், பாறை, ஆற்றுநீர், போக்குவரத்து, வீட்டுவசதி, நில உரிமை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தனர். 1967-இல் முழு அறிக்கை வெளிவந்தது.

உழவர்களுக்குச் சுவையான பகுதி புல்லைப்பற்றிய சோதனைகளே. செம்பும் நாகமும் மிகுந்த கசட்டில் சாதாரண விதை முளைத்தாலும் வேர் ஓடாது. நல்ல மண்ணைக் கனமாகப் பரப்பலாம்; ஆனால் அத்தனை மண்ணுக்கு எங்கே போவது? மற்றொரு வழியை இயற்கையே காட்டியிருந்தது. பழைய ஈயச் சுரங்கங்களையும் செம்புச் சுரங்கங்களையும் சுற்றி ஒருசில புற்கள் தலைமுறை தலைமுறையாக அந்நஞ்சிலேயே வாழப் பழகியிருந்தன. அதே இனத்துப் புல்லாயினும், நல்ல மேய்ச்சல் நிலத்திலிருந்து எடுத்தால் கசட்டில் சாகும். சுரங்க மேட்டிலிருந்து எடுத்தால் பிழைக்கும். வேல்ஸின் பாங்கர் கல்லூரியில் பிராட்ஷா என்னும் அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்தார். சுவான்சீயில் இத்தகைய புற்களை வளர்த்துப் பார்த்ததோடு, நகரத்துச் சாக்கடைக் கசடும் குப்பையும் எருவாகுமா என்றும் சோதித்தனர். உரமின்றி எதுவும் நிலைக்கவில்லை என்பது இச்சோதனைகளில் தெளிவாயிற்று.

குன்றுச் சரிவுகளில் மரக்கன்றுகளும் நட்டனர். முதலில் அவை தீ வைக்கப்பட்டும் பிடுங்கப்பட்டும் அழிந்தன. பின்னர் அயலிலுள்ள பள்ளிப் பிள்ளைகளையே நடுவதிலும் காப்பதிலும் ஈடுபடுத்தியபின் சேதம் குறைந்தது. பாழடைந்த கட்டிடங்கள் சிலவற்றைப் படையின் பொறியாளர் பிரிவினர் தம் பயிற்சியாக இடித்துக் கொடுத்தனர். பணமில்லாத மன்றத்துக்கு இதுவும் ஒருவகை மான்யமே.

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருக்கையில் வேல்ஸை உலுக்கிய துயரம் நேர்ந்தது. அபர்வான் என்னும் சுரங்கக் கிராமத்தின் மேலே, மலைச்சரிவில், நிலக்கரிக் கழிவு மேடாகக் குவிக்கப்பட்டிருந்தது. மேட்டின் அடியில் ஊற்று ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கழிவு கொட்டுவது அபாயம் என்று 1963-ஆம் ஆண்டிலேயே மெர்தர் நகராட்சிப் பொறியாளர் தேசிய நிலக்கரி வாரியத்துக்கு எழுதினார். கொட்டுவது நிற்கவில்லை. 1966 அக்டோபர் 21 காலையில் மேடு சரிந்து பள்ளியை மூடிற்று. 116 குழந்தைகளும் பெரியோர் 28 பேரும் மாண்டனர். விசாரணை மன்றம் வாரியத்தின்மீதே பழி சுமத்திற்று. ஊர்மன்றம் எழுதிய கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்தது.

இதன் பின்னரே வேல்ஸ் அலுவலகத்தில் பாழ்நில மீட்புக்கெனத் தனிப்பிரிவு தோன்றிற்று. சட்டத்தில் மான்யம் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, வளர்ச்சிப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களில் மன்றங்களுக்கு நூற்றுக்கு 85 பங்கும், பிற இடங்களில் 50 பங்கும் கொடுக்கலாம். ஆயின் மன்றங்களின் வாயிற்படிக்குச் சென்று, விண்ணப்பம் எழுதவும் திட்டம் வகுக்கவும் துணைநின்ற அதிகாரிகள் இப்பிரிவு அமைந்தபின்தான் கிடைத்தனர். மான்யத்தின் அளவைவிட இத்துணையே பெரிதென்பது என் கருத்து.

மான்யத்தைக் கணக்கிடும் முறையையும் நம்மவர் கவனிக்க வேண்டும். செலவு முழுவதற்கும் மான்யமில்லை. மன்றத்துக்கு நேரும் நிகர நட்டத்துக்கே உண்டு. உதாரணமாக, நிலம் வாங்க 100 ரூபாயும், திருத்த 900 ரூபாயும் ஆனதென்று கொள்வோம். திருத்திய நிலம் 200 ரூபாய் பெறுமானால் நிகர நட்டம் 800. அதில் 85 பங்கு 680. மன்றம் 120 ரூபாய் தேடவேண்டும். நூற்றுக்கு 50 கிடைக்கும் இடத்திலோ அதே வேலைக்கு 400 ரூபாய் தேடவேண்டும். ஒரே அளவு பாழான இரண்டு ஊர்களில் ஒன்று எழுந்ததும் மற்றொன்று கிடந்ததும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டினால்தான். ஏழை மன்றத்துக்குச் சிறு பங்கும் பெருஞ்சுமை. 1976-இல் வேல்ஸ் அபிவிருத்தி வாரியம் தொடங்கியபின் முழுத்தொகையும் கொடுக்க வழி பிறந்தது; வேலையும் விரைந்தது.

சுவான்சீ நகராட்சியார் ஆராய்ச்சியாளரின் முதன்மையான யோசனையை ஏற்று, நிலங்களைச் சிறிது சிறிதாகத் தம் உடைமையாக்கினர். பின்னரே மேடுகள் சமன்செய்யப்பட்டன. 1981-இல் பிரிட்டனின் முதல் தொழில் ஊக்க மண்டலம் இப்பள்ளத்தாக்கிலேயே அமைந்தது. வெறுமையாய்த் தயாராக இருந்த நிலம் அப்போது அங்கே இருந்தது. அவசரத்தில் பழைய உலைக்கூடங்கள் பலவும் தரைமட்டமாயின. எஞ்சியவற்றைக் காக்கப் பிற்காலத்தில் மீண்டும் பொதுப்பணமே செலவாயிற்று.

இன்னொரு கணக்கையும் சொல்லவேண்டும். அபர்வானில் எஞ்சியிருந்த மேடுகளை அகற்றும்படி பெற்றோர் மன்றாடினர். அரசாங்கமும் வாரியமும் செலவுக்குத் தயங்கின. உலகெங்கிலுமிருந்து பொதுமக்கள் அக்குடும்பங்களுக்காக அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1968-இல் 1,50,000 பவுன் எடுக்கப்பட்டது. 1997-இல் அத்தொகை, வட்டியில்லாமல், நிதிக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிறகு 2007-இல் வேல்ஸ் அரசாங்கம் அவ்வூர் அறநிலையங்களுக்கு 20 இலட்சம் பவுன் அளித்தது.